கோர்ட்டுக்குப் போக முடியாத பிரிவுகள்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலாம். நீ சொன்ன மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்கிறாள். போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு டியூட்டி நேரம் வந்துவிடுகிறது, சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் பேப்பரில் நிதானமாக எழுதி, அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குரூப் 2-க்குப் படித்துக்கொண்டே உன்னிடம் பேசினான் அல்லவா? அரசு என்னென்ன செய்ய வேண்டும் என்று நம் அரசியலமைப்பு சொல்லும் பகுதியை, அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள், நான்காம் பகுதி, 36 முதல் 51 வரை என்று அவன் ஒப்பித்தபோது நீ, "செய்யலைன்னா கேஸ் போட முடியாதுன்னு அதுலயே எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் எதுக்குடா அது? ஏட்டுச் சுரைக்காய்" என்றாய். கோர்ட் வாசலிலேயே காலம் கழித்த வக்கீல் குமாஸ்தா வீட்டுப் பெண் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

நீ சொன்னது 37ஆம் பிரிவின் முன்பாதி. எந்த நீதிமன்றத்தின் மூலமும் இவற்றை நிறைவேற்றக் கேட்க முடியாது என்பது உண்மைதான். அதே வாக்கியம் தொடர்ந்து போகிறது: இருந்தாலும் நாட்டை ஆள்வதற்கு இவையே அடிப்படை, சட்டம் இயற்றும்போது இவற்றைக் கைக்கொள்வது அரசின் கடமை. கடமை என்ற சொல்லைச் சும்மா போடவில்லை அம்மா.

உன் சந்தேகம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலேயே வந்ததுதான். வங்கிக்கு வசதி வரும்போது பணம் தருவதாகச் சொல்லும் காசோலை இது என்றார் சபை உறுப்பினர் கே.டி. ஷா. நம் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி இன்னும் கடுமையாக, உணர்ச்சிகளைக் கொட்டி வைத்த குப்பைத்தொட்டி என்றே சொன்னார். இதற்கான பதிலை அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்றே சொல்லிவிட்டார். ஆட்சிக்கு வருகிறவர் இவற்றை மீறினால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிராமல் போகலாம். தேர்தல் வரும்போது வாக்காளர் முன்னால் கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். எனக்கு இந்தப் பதில் முக்கியம். கேட்கும் இடத்தை அவர் கோர்ட்டிலிருந்து எடுத்து நம் கையில் கொடுத்தார்.

இந்த யோசனையே நீ இப்போது வேலை பார்க்கிற அயர்லாந்திலிருந்து வந்தது, தெரியுமா? அவர்களுடைய 1937 அரசியலமைப்பில் 45ஆம் பிரிவைப் பார். சமூகக் கொள்கைக்கான நெறிகள், பார்லிமென்டுக்கு வழிகாட்டத்தான், எந்தக் கோர்ட்டும் விசாரணைக்கு எடுக்காது என்று தொடக்கத்திலேயே சொல்லும். நம் சபையின் ஆலோசகர் பி.என். ராவ் டப்ளினுக்குப் போய் அப்போதைய அயர்லாந்துப் பிரதமர் டி வலேராவையே பார்த்துப் பேசிவிட்டு வந்தார். அங்கே ஒரே பிரிவாக இருந்ததை நம்மவர்கள் ஒரு முழுப் பகுதியாக விரித்தார்கள்.

இனி கோர்ட் சமாச்சாரம். கோர்ட்டில் கேட்க முடிந்தால் கிடைத்துவிடும் என்று நீ நினைக்கிறாய். எங்கள் ஆபீஸுக்கு ஒரு அம்மா வந்துபோகிறார். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு டிக்ரி, அதாவது பணத்தைக் கொடு என்ற கோர்ட் தீர்ப்பு, வாங்கி வருஷங்கள் ஆகின்றன. முத்திரை, கையெழுத்து, செலவுத்தொகை, வட்டி, எல்லாம் அந்தக் காகிதத்தில் சுத்தமாக இருக்கிறது. பணம் மட்டும் வரவில்லை. ஈ.பி., அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு, போட்டோம். ஜப்திக்கு அமீனா போனார். வீடு பூட்டியிருந்தது என்று எழுதிக்கொண்டு வந்தார். மறுபடி அமீனா போகப் பேட்டாப் பணம் கட்டினோம், மறுபடி வாய்தா. அந்த அம்மா டிக்ரி நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்புக் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுவருகிறார். கோர்ட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதில்தான் நம் சோறு. கோர்ட் உத்தரவே இருந்தாலும் பின்னால் விடாமல் நின்று கேட்க ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது நம் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார். 41ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு, வேலை, கல்வி, முதுமையிலும் நோயிலும் உடல் ஊனத்திலும் பொது உதவி. எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாமலேயே 1962-ல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை வந்தது, மாதம் 20 ரூபாய். 2023-ல் அதை 1,200 ரூபாய் ஆக்கினார்கள். பாட்டி வயசுக் காலமெல்லாம் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்தவர். அந்தத் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரலில் ரேகையே தேய்ந்து போயிருக்கிறது. பணம் கொடுக்க வருகிறவர் மிஷினை நீட்டினால், பாட்டி கட்டைவிரலை முந்தானையில் துடைத்து வைப்பார், எடுக்காது. அடுத்த விரல், எடுக்காது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார், ஈரத்துணியில் துடைத்துப் பார் என்று சுற்றி நிற்பவர்கள் ஆளாளுக்குச் சொல்வார்கள். கடைசியில் ஏதாவது ஒரு விரலில் பச்சை விளக்கு எரிந்தால் நோட்டுகளை எண்ணி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, நேராக மருந்துக் கடைக்குப் போவார். மருமகளிடம் கை நீட்டாமல் பிரஷர் மாத்திரை வாங்குகிற அந்த நடையை நீ பார்த்திருந்தால் ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லியிருக்க மாட்டாய். 1,200 ரூபாய் போதுமா? போதாது. அதைக் கேட்க வேண்டியது நாம்.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் பாண்டிச்சேரியில் அதே முதியோர் உதவி இதைவிடக் கூடுதல். ஒரே 41ஆம் பிரிவுதான் இரண்டு பக்கத்துக்கும். அங்கே கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, ஏற்றினார்கள். அம்பேத்கர் சொன்னதற்கு இதைவிடப் பக்கத்தில் எனக்கு ஒரு சாட்சி கிடையாது.

நூறு நாள் வேலையும் இதே 41-ல் பிறந்ததுதான். 2005-ல் சட்டம் வந்து, 2006 பிப்ரவரியில் நாடு முழுக்க 200 மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் நம் கடலூர் மாவட்டமும் ஒன்று. மல்லாட்டை பிடுங்கப் போனால் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் பாதி என்று இருந்த ஊர்களில், ஏரி வேலைக்குப் போன பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி கணக்கு எழுதினார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்பது 39ஆம் பிரிவின் ஒரு உட்பிரிவு. சட்டத்தின் பெயர் மாறலாம், நாள் கணக்கு மாறலாம், 39 அங்கேயே இருக்கும், அடுத்து வருகிறவரிடம் காட்டிக் கேட்க.

கோர்ட்டும் இந்தப் பகுதியைக் கைவிட்டுவிடவில்லை. முதலில் கைவிரித்தது, உண்மைதான். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட நம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, அடிப்படை உரிமைகள்தான் மேலே, நெறிமுறைகள் அவற்றுக்குக் கீழே என்றது. நலிந்த பிரிவினரின் கல்வியை வளர்க்கச் சொல்லும் 46ஆம் பிரிவை அரசு காட்டியும் பயனில்லை. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். அதே வருஷம் ஜூனில் முதல் சட்டத்திருத்தம் வந்து, பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்ந்தது. கோர்ட்டில் தோற்ற பிரிவைத் தெருவும் பார்லிமென்டும் சேர்ந்து காப்பாற்றின. நம் குடும்பத்தில் முதலில் காலேஜ் படியேறிய உன் பெரியப்பாவுக்கு இடம் கிடைத்தது அந்த வழியில்தான். 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், உரிமைகளுக்கும் நெறிமுறைகளுக்கும் உள்ள சமநிலைமேல்தான் இந்த அரசியலமைப்பு நிற்கிறது என்று சொல்லிவிட்டது.

கெடு வைத்து எழுதியது ஒன்றே ஒன்று, பழைய 45ஆம் பிரிவு. பத்து வருஷத்துக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. 1960-ல் அந்தக் கெடு முடிந்தது, வேலை முடியவில்லை. ஆனால் கெடு முடிந்ததென்று யாரும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. காமராஜர் ஊருக்கு ஊர் பள்ளி திறந்து, 1956-லேயே மதிய உணவும் போட்டிருந்தார். 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 45-ஐக் கையில் வைத்துக்கொண்டுதான், 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்றது. 2002-ல் 86ஆம் திருத்தம், அந்த உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதிய 21ஏ பிரிவு. 2010 ஏப்ரல் 1 அன்று கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அரை நூற்றாண்டுத் தாமதம். அந்தத் தாமதத்தில் படிக்காமல் போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உன் அத்தையும் அவர்களில் ஒருத்தி. அப்படியும் சொல்வேன், எழுதி வைத்திராவிட்டால் அந்த வழக்கில் வக்கீல்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருந்திருக்காது.

உன் தாத்தா முதலியார்பேட்டை மில்லில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு ஜூலை 30-ம் தவறாமல் தியாகிகள் நினைவிடத்துக்குப் போவார், சின்ன வயசில் உன்னையும் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். 1936-ல் அந்தத் தேதியில் சவானா மில்லில் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டதில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் பாண்டிச்சேரியில் 8 மணி நேர வேலை வந்தது. மனிதத்தன்மையான வேலை நிலைமை, பிரசவகால உதவி, வாழ்வதற்குப் போதிய கூலி என்று 42, 43ஆம் பிரிவுகளில் இன்று தம்பி மனப்பாடம் செய்வதெல்லாம் அப்படிச் செத்தவர்கள் கேட்டவைதான். நீ பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துவிட்டு மறுநாள் ஓய்வு எடுக்கிறாயே, அந்த ஓய்வையும் எங்கோ யாரோ கேட்டு வாங்கியிருப்பார்கள்.

நடக்காததையும் மறைக்காமல் சொல்கிறேன். 47ஆம் பிரிவு, மக்களின் ஊட்டத்தையும் உடல்நலத்தையும் உயர்த்து, மதுவை விலக்க முயற்சி எடு என்கிறது. ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாண்டிச்சேரி எல்லைக்குள் போனதும் முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் வரிசையாகச் சாராயக் கடையும் ஒயின் ஷாப்பும். இந்தப் பக்கமோ அரசே டாஸ்மாக் நடத்துகிறது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாகாணம் இது. அந்த ரோட்டில் சனிக்கிழமை ராத்திரி விழுந்து கிடக்கிறவனைத் தூக்கிப்போக வருகிற பெண்டாட்டியிடம் 47-ஐப் பற்றி நான் என்ன பேசுவேன்? இதில் இரண்டு அரசுகளும் கடமை தவறிவிட்டன. நாமும் ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் இதைத் தேவையான அளவு கேட்கவில்லை.

39ஏ-வை மட்டும் விட்டுவிடக் கூடாது. 1976-ல் சேர்த்தது, ஏழைக்கு இலவச சட்ட உதவி. நம் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானச் சான்று கூடக் கேட்கக் கூடாது, வக்கீல் வைத்துத் தர வேண்டும். வக்கீல் பீஸ் கொடுக்க முடியாது என்று எங்களிடம் அழுதவர்களை நானே அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறேன். கேஸ் போட முடியாத பகுதியில் இருக்கிற ஒரு பிரிவு அவர்களுக்குக் கேஸ் போட வக்கீல் கொடுக்கிறது.

ஆகவே நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் சேர படிவம் 6ஏ என்று ஒன்று இருக்கிறது. ஆன்லைனிலேயே போடலாம். பாஸ்போர்ட்டில் இந்த வீட்டு விலாசம்தான் இருக்கிறது, அதனால் பெயர் கடலூர் தொகுதியில் வரும். ஓட்டுப் போட மட்டும் பாஸ்போர்ட்டோடு நேரில் வரவேண்டும். ஆகவே பொங்கலுக்கு வர முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, தேர்தல் தேதி அறிவித்ததும் தம்பி சொல்வான், அந்த வாரத்துக்கு லீவு எழுதிக்கொடு. படிவத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் உன் டியூட்டி முடிந்ததும் போன் செய், நான் விழித்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா