திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்ட அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம்.

சென்னையில் நடந்த சர்க்யூட், சிக்னல் பிராசஸிங் மாநாட்டில், மோட்டார் பேரிங் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றிய எங்கள் ஆய்வுப் பேப்பரை வாசித்துவிட்டு, பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஐட்ரிபிள்ஈ என்கிற பொறியாளர் அமைப்பின் டெம்ப்ளேட், பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த அமைப்பு, பொடி எழுத்து, மொத்தம் ஆறு பக்கம். சர்க்யூட் படம், வரைபடம், சமன்பாடு, மேற்கோள் பட்டியல் எல்லாம் போக நன்றி சொல்ல மிஞ்சியது மூன்று வரி. அதில் ஒரு வரி துறைத்தலைவருக்கும் முதல்வருக்கும் போய்விட்டது. அது வழக்கம், குறையாகச் சொல்லவில்லை. மிச்சத்தில் "உள்ளூர் மோட்டார் மெக்கானிக் ஒருவரின் உதவிக்கு நன்றி" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தோம். அச்சில் அதைப் பார்த்தபோது எங்கள் மூன்று பேருக்குமே கூச்சமாகிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் வைண்டிங் கடை அண்ணனுக்கு.

அண்ணே, போன வருஷம் ஆடி மாதம் சிம்மக்கல் பக்கம் உங்கள் கடைக்கு நாங்கள் வந்தபோது நீங்கள் காயிலுக்கு வார்னிஷ் விட்டுக்கொண்டிருந்தீர்கள். பழைய பேரிங் இருந்தால் கொடுங்கள் என்றோம். எதுக்கு என்று கேட்டீர்கள். மோட்டார் படுக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி செய்யப்போகிறோம் என்று நான்தான் கொஞ்சம் மிதப்பாகச் சொன்னேன். "அதைத்தானப்பா நான் இங்க உக்காந்து பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள். ஓடிக்கொண்டிருந்த ஒரு மோனோபிளாக் பம்பு மோட்டாரின் பேரிங் மூடிமேல் நீளத் திருப்புளியின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினீர்கள். மூன்று நொடிகூட இருக்காது. "வெளி ரிங்குல குழி விழுந்திருக்கு. உள்ள உருளுற பால் குண்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு." மோட்டாரை நிறுத்தி, பேரிங்கை இழுத்தெடுக்கிற புல்லர் போட்டுக் கழற்றி, டீசலில் கழுவி எங்கள் கையில் கொடுத்தீர்கள். வெளி வளையத்தின் உள்பக்கம் எள்ளளவுக்கு ஒரு குழி.

அந்த எள்ளைப் பற்றித்தான் ஆறு பக்கம் எழுதியிருக்கிறோம்.

இதைப் படிக்கிற ஜூனியர்களுக்காக ஒரு விளக்கம். ஓடுகிற சைக்கிள் சக்கரத்தில் குச்சியை நீட்டினால் ஒவ்வொரு கம்பியும் 'டக்' என்று தட்டும் இல்லையா, பேரிங்கிலும் நடப்பது அதுதான். 6205 என்கிற மாடல் பேரிங்கில் உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ஒன்பது பால்கள், அதாவது குண்டுகள். வெளி வளையத்தில் ஒரு குழி இருந்தால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பால்கள் அதைச் சுமார் 3.58 தடவை தட்டும். நிமிஷத்துக்கு 2880 சுற்று ஓடுகிற மோட்டார் என்றால் நொடிக்கு 48 சுற்று. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 172 தட்டு. குழி உள் வளையத்தில் என்றால் கணக்கு 260 பக்கம் போகும். ஒவ்வொரு தட்டுக்கும் மோட்டார் பாடி மணி மாதிரி சில ஆயிரம் ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குச் சில ஆயிரம் தடவை என்ற வேகத்தில், அதிர்ந்து அடங்கும். அந்த மணிச்சத்தத்தை மட்டும் பில்டர் செய்து எடுத்து, அது நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் என்வலப் முறை. அதன் ஸ்பெக்ட்ரத்தில், அதாவது நொடிக்கு எத்தனை தடவை என்ற வேகத்தில் எவ்வளவு பலம் என்று காட்டும் வரைபடத்தில், 172-இல் முள் மாதிரி ஒரு கோடு எழும்பினால், வெளி ரிங்.

புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. இருந்தும் முதல் ஒன்றரை மாதம் நாங்கள் போனது தப்பான ரூட். மோட்டார் பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்தோம். எதிர்க் கடையின் கிரைண்டர், ஷேர் ஆட்டோ ஹாரன் எல்லாம் அதில் இருந்தன, பேரிங்கைத்தான் காணோம். கடைசியில் ஹெட்போனை உங்கள் காதில் மாட்டி, எது கெட்ட மோட்டார் என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றோம். சோதித்துப் பார்க்கிற எண்ணமும் கொஞ்சம் இருந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு பதிவையும் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தீர்கள். "இதுல ஒண்ணும் தெரியலப்பா. இது வெறும் சத்தம். நான் பாக்குறது உதறல்."

அன்றைக்கே மைக்கை மூட்டை கட்டினோம். பஸ்ஸரிலும் பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டையிலும் இருக்குமே, உதறலை மின்சாரமாக மாற்றுகிற பித்தளைப் பீசோ தட்டு, அதை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வாங்கி, பேரிங் மூடியின்மேல் நீங்கள் திருப்புளி வைக்கிற அதே இடத்தில் ஒட்டினோம். பேப்பரில் 'சென்சார் பொருத்துமிடம்' என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் எங்கள் மூளை ஒன்றும் இல்லை, இடம் நீங்கள் காட்டியது. பழைய பேரிங் டின்னிலிருந்து ஒவ்வொன்றையும் எடுத்து 'உள்', 'வெளி', 'பால்', 'கிரீஸ் இல்லாம போனது' என்று சாக்பீஸில் எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டுமா என்று நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். என் கட்சி, இருந்திருக்க வேண்டும்.

அடுத்து லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கு. பீசோ தட்டிலிருந்து வருகிற துளியூண்டு சார்ஜைப் பெருக்க டிஎல்072 என்கிற ஐசி வைத்து ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டிருந்தோம். வேலை செய்தது. ரொம்ப நன்றாகவே செய்தது. கடையில் வாங்கிய புத்தம் புது பேரிங்கிலும் ஒரு முள் நின்றது. இரண்டு நாள் புரோகிராமைத் திருத்துவதிலேயே போனது. நீங்கள் சாவிக்கொத்தோடு லேப்பைப் பூட்ட வந்தீர்கள். திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "லேப்டாப் சார்ஜரைப் புடுங்கு" என்றீர்கள். புடுங்கினேன். முள் காணாமல் போனது. சார்ஜரிலிருந்து வந்த வேகமான இரைச்சல்தான் அந்த முள். நொடிக்குப் பத்தாயிரம் தடவை சாம்பிள் எடுத்தால், அதாவது சிக்னலை அளந்தால், ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதெல்லாம் மடங்கிக் கீழே வந்து வேஷம் போடும், அதனால் சாம்பிள் எடுப்பதற்கு முன்பே அதை வடிகட்ட வேண்டும் என்று மூன்றாம் செமஸ்டரிலேயே பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். போர்டில் அந்த பில்டரைப் போட மட்டும் மறந்திருந்தோம்.

மேலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் சித்தப்பாவுக்கு. "கால்வாய்ல தண்ணி திறந்துட்டா ஒருத்தரும் மோட்டாரைத் தொட மாட்டாங்கெ, அதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போங்கடா" என்று ஆவணியிலேயே போன் போட்டீர்கள். பெரியாற்றுக் கால்வாயில் ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் வருவதற்குள் ஏழு கிணற்று மோட்டார்களை அளந்தோம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிறபோது மோட்டார் வேகம் லேசாகக் குறைந்து, 172-இல் நிற்க வேண்டிய முள் 168-க்கு நகர்ந்துவிடுவதை லேப்பில் உட்கார்ந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டோம். அதற்காகத்தான் ஷாஃப்ட் வேகத்தை முதலில் கண்டுபிடித்து, அதிலிருந்து மற்றதைக் கணக்குப் போடும்படி மாற்றினோம். மாநாட்டில் கேட்ட முதல் கேள்வியே, ஸ்பீடு மாறினால் என்ன செய்வீர்கள் என்பதுதான். என் கூட்டாளி உங்கள் கிணற்றடிப் படத்தைப் போட்டுப் பதில் சொன்னான். சித்தி கொடுத்தனுப்பிய கடலைக்கும் நன்றி. அது மேலூர் பஸ் ஸ்டாண்டு தாண்டவில்லை.

இப்போது, பெயர் தெரியாத ஒருவருக்கு.

ஐயாவோ அம்மாவோ தெரியாது. இதற்கு முன் இதே பேப்பரை வேறொரு மாநாட்டுக்கு அனுப்பியிருந்தோம். கண்டுபிடிப்புத் துல்லியம் 99 சதவீதம் என்று சுருக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போடாத குறை. பேப்பரைப் படித்து மதிப்பிடுகிற முதல் ரிவியூவர் இரண்டு வரியில் நன்றாக இருக்கிறது என்று முடித்துவிட்டார். நீங்கள் இரண்டாவது ரிவியூவர். ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். அதில் எங்களைக் கொன்றது ஒரே ஒரு கேள்வி: கம்ப்யூட்டரைப் பழக்குவதற்கு எடுத்த பதிவுத் துண்டுகளும் சோதிப்பதற்கு எடுத்த துண்டுகளும் ஒரே மோட்டாரிலிருந்து வந்தவையா?

ஆமாம். ஒரு மோட்டாரில் ஐந்து நிமிஷம் பதிவு செய்து, ஒரு நொடி ஒரு நொடியாக வெட்டி, சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, நூற்றுக்கு எண்பதைப் பழக்கவும் இருபதைச் சோதிக்கவும் எடுத்திருந்தோம். கம்ப்யூட்டர் பேரிங் பழுதைக் கற்றுக்கொள்ளவில்லை, இது இன்னார் வீட்டு மோட்டார் என்று அடையாளம் கற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரிங் பதிவுகளை உலகம் முழுக்க எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், அதிலும் மோட்டாரின் டிரைவ் பக்கம் இருப்பது 6205-தான். அதை வைத்து எழுதிய பல பேப்பர்களிலும் இதே ஓட்டை உண்டு என்பதைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டோம். ஊரோடு ஒத்த தப்பு என்பது அப்போதைக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

நிராகரித்த கடிதம் வந்த வாரத்திலேயே இன்னொரு மாநாட்டிலிருந்து மெயில் வந்தது. மூன்றே நாளில் ஏற்பு, சர்டிபிகேட் உறுதி, கட்டணம் மட்டும் கட்டினால் போதும். மனசு அங்கே சாய்ந்தது உண்மை. எங்கள் கைடு மேடம், "ஒரு கேள்விகூடக் கேக்காத இடத்துல போய் என்னத்த சொல்லப்போறீங்க?" என்றார். அப்புறம் ஒரு மோட்டாரை முழுசாக ஒதுக்கி வைத்து, மற்றவற்றில் பழக்கி, ஒதுக்கியதில் சோதித்து, இப்படி ஒவ்வொரு மோட்டாருக்கும் திருப்பிச் செய்தோம். 99 போய் 83 ஆனது. மேடம், அந்த 83-ஐ அப்படியே போடச் சொன்னீர்கள். ஏன் குறைந்தது என்று முக்கால் பக்கம் எழுதவும் வைத்தீர்கள். சென்னையில் டீ இடைவேளையில் எங்களைத் தேடி வந்து பேசிய இரண்டு பேரும் அந்த முக்கால் பக்கத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் சீனியர் அக்காவுக்கு. பேப்பர் அனுப்பக் கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஹாஸ்டலில் கரண்டு போனது. வைஃபை போனது. பேப்பர் பாதியில் நிற்கிறது. பன்னிரண்டு அடித்தபோது நாங்கள் மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம், யாரும் பேசவில்லை. உங்களுக்கு மெசேஜ் போட்டதும் நீங்கள் சிரித்தீர்கள் பாருங்கள், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அறிவிப்பில் இருந்தது நம்ம ஊர் நள்ளிரவு இல்லை, 'பூமியில் எங்காவது' என்கிற கணக்கு. பசிபிக் கடலில் ஆளே இல்லாத பேக்கர் தீவில்தான் நாள் கடைசியாக முடியும், அதுவரை கெடு உண்டு, நமக்கு அது மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணி என்றீர்கள். பதினேழரை மணி நேரம் சும்மா கையில் வந்து விழுந்தது.

அதோடு விடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முழு பிடிஎஃப்பையும் படித்துவிட்டு, "மூணாவது படத்தைப் பெருசாக்கிப் பாரு" என்று போன் செய்தீர்கள். எழுதியவர் யார் என்று ரிவியூவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக எங்கள் பெயர், கல்லூரி, நன்றிப் பகுதி எல்லாவற்றையும் எடுத்திருந்தோம். படத்தில் மோட்டாருக்குப் பின்னால் அண்ணன் கடை போர்டு, போன் நம்பரோடு, பளிச்சென்று. அதன் ஓரத்தில் என் கல்லூரி ஐடி கார்டு ஆணியில் தொங்குகிறது. பேப்பரைப் படிக்காமலேயே திருப்பி அனுப்ப அது ஒன்று போதும். வெட்டி அனுப்பினோம்.

அம்மாவுக்கு. ஆசிரியரில் ஒருவராவது கட்டணம் கட்டிப் பதிவு செய்தால்தான் பேப்பர் நிற்கும். மாணவர் கட்டணம்தான், ஆனாலும் எங்களுக்கு அது பெரிய தொகை. குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தாய். எதற்கு என்று குழுவில் கேட்டதற்கு "மோட்டாருக்கு" என்று சொன்னாயாமே, அதுவும் சரிதான்.

கடைசியாக, மறுபடியும் அண்ணே. பேப்பர் பிரிண்டை உங்கள் கடையில் கொடுத்த அன்று நீங்கள் இல்லை, பையனிடம் கொடுத்துவிட்டு வந்தோம். வெட்டாத அந்த மூன்றாவது படத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம், போர்டு முழுசாகத் தெரியும். அப்புறம், உங்கள் பெரிய புல்லர் இன்னும் எங்கள் லேப் அலமாரியில்தான் இருக்கிறது. நீங்கள் தேடிக்கொண்டிருப்பதாகப் பையன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறோம், திட்டாதீர்கள்.

அன்புடன்,
பழைய பேரிங் கேட்டு வந்த மூன்று பேர்
மதுரை