லேப்டாப்பில் ஏற்றியாச்சு என்று நம்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேனியில் 12 வருடமாகச் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பக்கத்துத் தெருவில் தையல் கடை நடத்தும் ஒரு அக்கா போனைக் கொண்டுவந்தார். மெமரி நிறைந்து, தொட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அசைகிற நிலைமை. "பையன் எல்லாத்தையும் லேப்டாப்ல ஏத்திட்டான், ரீசெட் போட்டுடு தம்பி" என்றார். நானும் நம்பி, போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும் அந்த ரீசெட்டைப் போட்டுவிட்டேன். சாயங்காலமே திரும்பி வந்தார். போட்டோ, வீடியோ எல்லாம் லேப்டாப்பில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் மூன்று வருடமாக நோட்ஸ் ஆப் ஒன்றில் பெயர் வாரியாக எழுதி வைத்திருந்த பிளவுஸ் அளவுகள், கை நீளம், முன் கழுத்து, பின் கழுத்து, யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்பது வரை ஒன்றுகூட இல்லை. அந்த ஆப்பைத் திரும்ப இறக்கித் திறந்து பார்த்தால் வெள்ளைத் திரை, கீழே ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். தீபாவளி நெருக்கடியில் அவர் வீடு வீடாகப் போய் மறுபடி அளவெடுத்தார். எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பையன் மேல் தப்பில்லை. ஆண்ட்ராய்டு போனைக் கேபிள் போட்டுக் கணினியில் இணைத்தால் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், மேலிருந்து இழுத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால்தான் ஃபோல்டர்கள் தெரியும். (அப்படியும் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், மலிவுக் கேபிள்கள் பலவற்றில் டேட்டா போகிற கம்பியே கிடையாது.) கேமரா படங்கள் டிசிஐஎம் ஃபோல்டரில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஆப்பும் தனக்குள் பூட்டி வைத்திருக்கும் டேட்டா அங்கே தெரியவே தெரியாது. திண்ணையில் கிடப்பதை மட்டும் எடுத்துப் போய்விட்டு பீரோவையும் காலி செய்தாச்சு என்று நினைக்கிற கதைதான் இது. அந்த மாதிரி ஆப்பைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட்' (வெளியே எடுப்பது) அல்லது 'பேக்கப்' (பிரதி எடுப்பது) என்று இருக்கிறதா பார்த்து, அதில் வருகிற ஃபைலைக் கணினிக்கு மாற்ற வேண்டும். கான்டாக்ட்ஸும் அப்படித்தான், எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரே விசிஎஃப் ஃபைலாக வந்துவிடும்.

வாட்ஸ்அப்புக்கு வழி இருக்கிறது. 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். தினமும் ராத்திரி 2 மணிக்கு அது தானே ஒரு பிரதி எடுத்து அங்கே வைக்கிறது, கடைசி ஏழு நாள் பிரதிதான் இருக்கும். ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்துகொண்டால் அதே நம்பரில் புதுப் போனில் அரட்டைகளைத் திரும்பக் கொண்டுவரலாம், வாய்ஸ் மெசேஜ்களும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஐபோனில் கணினி பேக்கப் இன்னும் சுலபம். 'என்கிரிப்ட்' (பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவது) என்ற கட்டத்தை டிக் செய்தால்தான் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஹெல்த் விவரங்களும் சேரும், அங்கே கொடுக்கும் பாஸ்வேர்டை மறந்தால் அந்த பேக்கப்பே உதவாது.

கூகுளில் தானாக ஏறிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில்தான் மெயிலும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் ஏற்றுகிற போட்டோக்களும் அதே கணக்கில் வருகின்றன. நிறைந்த பிறகு புதுசாக எதுவும் ஏறாது, வருகிற அறிவிப்பை யாரும் படிப்பதில்லை.

போன் கம்பெனிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. முன்பு கணினியிலிருந்து கட்டளை கொடுத்து ஆப் டேட்டாவை எடுக்க ஒரு வழி இருந்தது, 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-லிருந்து பெரும்பாலான ஆப்களுக்கு அதையும் அடைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காக என்கிறார்கள், சரி. ஆனால் அந்த அக்கா எழுதியது அந்த அக்காவின் சொத்து, அதைத் தன் லேப்டாப்பில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு பொத்தானாவது கொடுத்திருக்க வேண்டும்.

என்னைப் போன்ற கடைக்காரர்களும் "ரீசெட் போடவா" என்று மட்டும் கேட்டால் போதாது. இப்போது நான் போனை வாங்கியதும் "தினமும் எதில் எழுதுவீங்க, எதில் கணக்கு பார்ப்பீங்க" என்று கேட்டு, அந்த ஆப்களை ஒவ்வொன்றாக அவர்கள் கண்முன்னே திறந்து பார்த்த பிறகுதான் கை வைக்கிறேன். கால் மணி நேரம் கூடுதலாக ஆகும், அதற்குக் காசு வாங்குவதில்லை.

தீபாவளி ஆஃபரில் நிறையப் பேர் போன் மாற்றுவார்கள். அதற்கு முன்னால் இதைப் படம் போட்டு, படிப்படியாக, தமிழில் ஒரு முழுப் பக்கமாக உங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன். வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு செல்போன் சர்வீஸ் கடைக்காரர், தேனி