செல் தாள் ஆய்வாளர்களுக்கு ராமநாதபுரம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு மடல்

வணக்கம். ஆய்வகத்தில் தோல் செல்லை வளர்த்து, காயத்தின் மேல் போர்த்த மெல்லிய தாளாக எடுக்கிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

என் அம்மா பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிய்த்து எடுக்கும் வேலை. போன வருசம் சிப்பி கிழித்த குதிகால் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை வேறு. சாயங்காலம் காயத்தின் கட்டைப் பிரிப்பது என் வேலை, எவ்வளவுதான் தண்ணீர் விட்டு ஊறவைத்து நூல் நூலாகப் பிரித்தாலும், காய்ந்து ஒட்டிய துணியோடு அன்றைக்கு வளர்ந்த இளந்தோலும் வெள்ளையாகப் பெயர்ந்து வந்துவிடும்.

அதனால்தான் ஜப்பானில் தெருவோ ஒகானோ குழுவின் வேலையைப் படித்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தட்டின் அடியில் ஒரு பாலிமர் பூச்சு. 37 டிகிரியில் செல்கள் அதில் ஒட்டி வளரும், 32 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பூச்சு தண்ணீரை உறிஞ்சிப் பிடியை விட்டுவிடும், தாள் முழுசாகக் கழன்று வரும். நொதி போட்டுப் பிரித்தால் செல்களைப் பிணைக்கும் புரதங்களும் சிதையும், இதில் அவை அப்படியே இருப்பதால் காயத்தில் தையல் இல்லாமலே ஒட்டுமாம். பிய்க்காமல் எடுப்பது! எங்கள் வீட்டில் தினமும் நடக்காதது அதுதான்.

சரி, கேட்க வந்தது இது. சோதனைக்கு ஆள் எடுக்கும்போது, படுத்து ஓய்வெடுக்க முடிந்தவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் நிற்கும் கால்களையும் சேருங்கள், அதில் தாள் தங்குமா என்று பாருங்கள். சொந்தச் செல்லை வளர்க்க வாரக்கணக்கில் ஆகும், சென்னைக்கு இரண்டு நடை போய்வர எங்களுக்குக் கட்டாது. கொடையாளர் செல்லில் செய்து உறையவைத்த தாள் ராமநாதபுரம் வரை கெடாமல் வந்து சேர வழி பாருங்கள்.

அதற்கு வருசங்கள் ஆகும், தெரியும். அம்மா அடுத்த பௌர்ணமிக்கே கடலில் இறங்கிவிடுவார். காயத்தின் நீர் பட்டதும் களியாகிவிடும் ஆல்ஜினேட் கட்டு இப்போதே இருக்கிறது, அதுவும் தோலைப் பிய்க்காமல் வரும். ஆல்ஜினேட் கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசியிலிருந்து எடுப்பது. அம்மாவிடம் சொன்னேன். "நாம எடுக்கிற கோரையா? அப்போ எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். நான் ஏறி இறங்கிய மூன்று மருந்துக்கடையிலும் இல்லை. உங்களில் மருத்துவர்களும் இருப்பீர்கள். இந்தக் கரையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்தக் கட்டு இருக்க வேண்டும் என்று அரசுக்கு நீங்கள் எழுதுங்கள், நாங்கள் எழுதுவதைவிட அதற்கு எடை அதிகம்.