நாடகக் குழுவின் தொடக்கப் பணிகள் குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் முதல் மேடையேற்றத்துக்கு, நான்கைந்து பாத்திரங்களும் ஒரே காட்சியமைப்பும் கொண்ட, 40 நிமிடங்களுக்கு மிகாத ஓரங்க நாடகம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என முடிவு செய்துள்ளோம். முழுநீள நாடகம் வேண்டும் என்ற சிலரின் விருப்பம் நியாயமானதே. ஆயினும், வேலைக்கும் படிப்புக்கும் நடுவே நேரம் ஒதுக்கி வருபவர்களைக் கொண்ட புதிய குழுவில், ஒருவர் ஒத்திகைக்கு வராவிட்டாலும் மற்றவர்களின் மாலைப்பொழுது வீணாகும் என்பதால், பாத்திரங்கள் குறைவாக இருப்பதே நல்லது.

நாடகப் பிரதிகளைப் பரிந்துரைப்போர் பதிப்புரிமையையும் கவனிக்க வேண்டுகிறோம். நாடகாசிரியர் மறைந்த பின்னும் இந்தியாவில் 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டுகள் அவ்வுரிமை நீடிக்கிறது. மொழிபெயர்ப்பாக இருப்பின் மொழிபெயர்ப்பாளருக்கும் தனி உரிமை உண்டு. நுழைவுச்சீட்டு இல்லாத நிகழ்ச்சிதானே என்று நாமாகவே கருதிக்கொள்ளாமல், உரியவரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெறுவோம்.

முதல் சில சந்திப்புகளில் அனைவரும் அமர்ந்து பிரதியை வாய்விட்டு வாசிப்போம். வசனத்தை மனப்பாடம் செய்து வர வேண்டாம். ஒவ்வொருவரும் பல பாத்திரங்களை வாசித்துப் பார்த்த பிறகே வேடங்களை இயக்குநர் முடிவு செய்வார்.

நடிக்கப் பலர் பெயர் தந்துள்ளனர்; மேடை நிர்வாகத்துக்கு ஒருவரும் முன்வரவில்லை (இது எல்லாக் குழுக்களிலும் நடப்பதுதான்). நடிகர்களின் நகர்வுகளையும் ஒளி, ஒலி மாற்றங்களையும் பிரதியின் ஓரத்தில் குறித்துவைத்து, நிகழ்ச்சியன்று அவற்றை உரிய நொடியில் இயக்கச் சொல்பவர் மேடை நிர்வாகியே. அவர் இல்லாமல் ஒத்திகையைத் தொடங்க இயலாது. விருப்பமுள்ளோர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே தெரிவிக்கவும்.

– ஒருங்கிணைப்பாளர்கள்