உடனே என்றால் எந்தக் கிழமை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தையற்கடையில் உங்கள் பத்திரிகையை அப்பா காலத்திலிருந்தே வாங்குகிறோம். அளவு கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் புரட்டுவார்கள், மறுநாள் பேட்டர்ன் வெட்ட எனக்கு ஆகும். சென்ற ஞாயிறு இணைப்பில் படர்தாமரை பற்றி வந்த கட்டுரையையும் கத்திரி வைக்குமுன் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு வரி. நோயாளிகள் அலட்சியமாக மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கிப் பூசிக்கொள்கிறார்களாம். அப்படிச் செய்யாமல் உடனே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போக வேண்டுமாம்.

உடனே என்றால் எந்தக் கிழமை ஐயா?

எங்கள் ஊர் தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தோல் டாக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும். வெள்ளிக்கிழமை பண்டிகை விடுமுறை என்றால் செவ்வாய். செவ்வாய்க்கிழமை அவருக்கு எங்காவது மீட்டிங் என்றால் மறுபடி வெள்ளி. இது ஊர்க்காரர்கள் போய்ப் போய்த் தெரிந்துகொண்டது. கேட்டில் போர்டு கிடையாது. காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு மாடி ஏறினால், பூட்டிய கதவுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருக்கும் அம்மா சொல்வார், "இன்னைக்கு வரமாட்டாங்களே, கீழே சொல்லலையா?" உங்களுக்குத் தெரியாததல்ல.

என் மனைவிக்கு இடுப்பில் வந்தது. பாவாடை நாடா இறுகும் இடத்தில் வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து. இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அங்கேதான் வரும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். நாடாவை எடுத்துவிட்டு அகலப் பட்டி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்குள் வந்தது வந்துவிட்டது. ஒரு செவ்வாய் போனாள், டாக்டர் இல்லை. வெள்ளிக்கிழமை கடையில் கல்யாண பிளவுஸ் பதினாறு. அடுத்த செவ்வாய்வரை ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு கிடக்க முடியுமா? மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள், தொண்ணூற்றைந்து ரூபாய். சீட்டு கேட்கவில்லை. எங்கே என்றுகூடக் கேட்கவில்லை, "அரிப்புக்கா?" என்றார்கள், அவ்வளவுதான். பூசிய மறுநாளே அரிப்பு நின்றது. பதினைந்தாம் நாள் வட்டம் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது, இந்த முறை ஓரமும் தெளிவில்லாமல்.

அந்த டியூப்பில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு என்று கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். சரி. 2018-லேயே இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு அட்டவணை H (சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்) என்பதில் சேர்த்துவிட்டதே, அதை ஏன் எழுதவில்லை? சீட்டில்லாமல் விற்றவர் வியாபாரி. எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை போட்டவர் உற்பத்தியாளர். அதைப் பார்க்க வேண்டிய அதிகாரி என்ன ஆனார் என்றே தெரியவில்லை. அலட்சியம் மட்டும் என் மனைவிக்கு! அழகான நியாயம்.

ஒரு வழியாக ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் கிடைத்தார். டோக்கன் 87. எங்கள் முறை வரும்போது பதினொன்றே முக்கால். அந்த அறையைச் சொல்ல வேண்டும். டாக்டர் மேஜைக்கு மூன்றடி தள்ளி ஒரு பெஞ்ச், அதில் அடுத்த எட்டுப் பேர். கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள், அதற்கு வெளியே இருபது தலைகள். "எங்கேம்மா?" "இடுப்புல." "காட்டுங்க." என் மனைவி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஓரத்தில் காலேஜ் பையன் ஒருவன், பாவம், அவனே கூச்சப்பட்டு செல்போனை மூக்குக்கு நேரே தூக்கிக்கொண்டான். இவள் முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு இரண்டு விரற்கடை இறக்கினாள். டாக்டர் நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தார். எழுதினார். அடுத்து.

டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் என்ன செய்வார், 87-க்குப் பின்னாலும் வரிசை இருந்தது. களிம்பை நிறுத்தச் சொன்னார், அது சரியான பேச்சு. ஆனால் தோலைச் சுரண்டி ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று சில நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்கிறார்கள். அதற்கு அங்கே இடமும் இல்லை, ஆளும் இல்லை. புது மருந்தை வட்டத்தோடு நிறுத்தாமல் அதற்கு வெளியே இரண்டு விரல் அகலம் தள்ளியும் பூச வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும், வீட்டில் யாருக்கு இருந்தாலும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் நாங்கள் தெரிந்துகொண்டது உங்கள் கட்டுரையில்தான். அதற்கு நன்றி. கோபத்தில் நன்றியை மறந்தால் தப்பாகிவிடும்.

எழுத உட்கார்ந்ததும் பழசெல்லாம் வருகிறது. என் மச்சினனுக்கு சோரியாசிஸ். வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை எழுதினார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை அது. டாக்டர் சொல்லியிருப்பார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருந்து ஜன்னலில் கொடுத்த கவரில் காலை என்ற கட்டத்தில் ஒரு டிக் மட்டும்தான் இருந்தது. பிரஷர் மாத்திரை மாதிரி தினமும் போட்டுக்கொண்டான். ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்த அணுக்கள் இறங்கிவிட்டன என்று வார்டில் சேர்த்துப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தான். "படிச்சுப் பாத்துச் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டார்கள். எதைப் படிப்பது, அந்த டிக்கையா?

இன்னொன்று. உச்சி வெயிலில் முழங்கைக்குக் கீழே வரை கை வைத்து பிளவுஸ் தைக்கச் சொல்லும் பெண்கள் எனக்கு மூன்று நான்கு பேர் உண்டு. நான் காரணம் கேட்பதில்லை. அளவெடுக்கும் என் மனைவிக்குத் தெரியும். வெண்குஷ்டம் என்று சொல்லாதீர்கள், அது தொழுநோய் இல்லை, தொற்றாது, வெண்புள்ளி என்று சொல்லுங்கள் என்று அரசே சொல்லிப் பல வருஷமாகிறது. அந்தத் தோல் பிரிவு வாசலில் நின்று ஒருவர் கூப்பிட்டது என் காதில் விழுந்தது, "வெண்குஷ்டம் கேஸ் யாரு, முன்னால வா." வரிசையிலிருந்து யாரும் நகரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்ட பிறகு ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு போனது. அதற்கு ஒளிச் சிகிச்சை உண்டாம், வாரம் இரண்டு மூன்று தடவை, மாதக்கணக்கில். மெஷின் இருப்பது மெடிக்கல் காலேஜில், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். உடனே அணுகலாம்.

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது தொழுநோய்த் தடுப்பு ஊழியர் ஒருவர் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வருவார். வகுப்பறை இருட்டு என்று எங்களை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்வார். பெண்பிள்ளைகளை டீச்சர் தனி அறையில், ஜன்னலோரமாக வைத்துக் காட்டுவார். வெளுத்த இடம் தெரிந்தால் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டு, எங்கே என்று விரலால் காட்டச் சொல்வார். எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு முழங்கைக்கு மேலே தேமல் மாதிரி ஒன்று. அவன் அம்மா தேமல் என்றே நினைத்திருந்தார். பஞ்சு பட்டது அவனுக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் மாத்திரை அட்டை இலவசம், அவர் வீட்டுக்கே வந்து விழுங்க வைத்தார். அவன் இன்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், விரல் ஒன்றுகூட மடங்கவில்லை. 2005 கடைசியில் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே தொழுநோய் இறங்கிவிட்டது என்று அறிவித்தார்கள். நல்ல சேதிதான், ஆனால் அதன் பிறகு எங்கள் பக்கம் அந்த சைக்கிள் வரவில்லை. இரண்டு விரற்கடை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடும் அறையில் யார் முதுகில் எந்தத் தேமல் இருக்கிறது என்று எவருக்குத் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது டாக்டர் போடுங்கள், மெஷின் வாங்குங்கள் என்று கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். தோல் டாக்டர் வரும் கிழமையையும் நேரத்தையும் ஆஸ்பத்திரி கேட்டில் ஒரு தகரப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். வராத நாளில் சீட்டு கொடுக்கும் ஜன்னலிலேயே சொல்லிவிடட்டும். வாரம் ஒரு முறை மாத்திரைக்கு, கவரில் கிழமையைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் மின்தடை நேரம் போடுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை எந்த டாக்டர் என்று நாலு வரி போட்டால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம் டாக்டர் அறைக்கு ஒரு மறைப்புத் திரை. மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவே உத்தரத்தில் பழைய ஃபேன் கொக்கி ஒன்று இருக்கிறது, எதிர்ச்சுவரில் ஒரு ஆணி. அன்றைக்கே கண்ணளவில் பார்த்துவிட்டேன். ஏழடி உயரம், ஒன்பதடி அகலம், கம்பி நுழைய மேலே இரண்டு அங்குல மடிப்பு. பச்சைக் காடாத் துணி கடையில் இருக்கிறது, தையற்கூலி வேண்டாம். கொண்டுபோய்க் கொடுத்தபோது மேலிடத்து அனுமதி வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மேலிடம் யார் என்றாவது விசாரித்துப் போடுங்கள்.

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தையற்கடை வாசகர் ஒருவர்