முதலில் வந்த பெயர்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. புரதங்களின் அமினோ அமில வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் நிரலில் தேடி, முதலில் வந்த புரதத்தின் பெயரை அறிக்கையில் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாய். ஆசிரியர் அதை ஏற்கவில்லை. "ஈ-மதிப்பு அவ்வளவு சின்னதா இருந்துச்சேம்மா" என்றாய்.

கண்ணு, நியாயம் உன் ஆசிரியர் பக்கம்தான். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கருவி ஒருவருக்குப் பொட்டாசியம் மிக அதிகம் என்று காட்டியது. எண் சரி. ஆனால் குழாயிலேயே சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் வெளியே வந்திருந்தது. மாதிரியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். அன்று பட்ட பயம் இன்னும் போகவில்லை.

ஈ-மதிப்பும் அப்படித்தான். இவ்வளவு பெரிய தரவுத்தளத்தில் இதே தரத்திலோ இதைவிட நன்றாகவோ எத்தனை பொருத்தங்கள் தற்செயலாகக் கிடைக்கும் என்பதே அதன் கணக்கு. தரவுத்தளம் இரண்டு மடங்கானால் அதுவும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அது மிகச் சின்னதாக இருந்தால், இரண்டு புரதங்களும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லுமே தவிர, இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று சொல்லாது. வாத்தின் கண்வில்லையில் நிறைந்திருக்கும் கிரிஸ்டலின் என்ற வகைப் புரதம் ஒன்று, லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியேதான். ஒரே வரிசைக்கு இரண்டு வேலை! உனக்குக் கிடைத்த பெயரும் இன்னொரு வரிசையைப் பார்த்து ஒட்டப்பட்டதாக இருக்கலாம். யாராவது சோதனை செய்து பார்த்தார்களா என்று தேடு.

இன்சுலினின் 51 அமினோ அமிலங்களை எந்த வரிசையில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க, வேதியியலாளர் ஃபிரெடரிக் சாங்கருக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 1965இல் மார்கரெட் டேஹாஃப் குழு புரத வரிசைகளைத் தொகுத்த நூலில் இருந்தவை 65 புரதங்கள்தான். நீ ஒரு நொடியில் இறக்கிக்கொள்ளும் எழுத்துகளுக்குப் பின்னால் அத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

உயிரியல் படிப்பவர்கள் உன்னைக் கணினி ஆள் என்பதும், கணினி படிப்பவர்கள் உயிரியல் ஆள் என்பதும் பெரிய விஷயமில்லை, விடு. புள்ளியியல் வகுப்பை மட்டும் தவறவிடாதே. இரண்டு வரிசைகளைப் பொருத்திப் பார்க்கப் போடும் நீடில்மன்-வுன்ஷ் கட்டத்தை, ஆறெழுத்து வரிசை இரண்டை எடுத்து, பென்சிலால் போட்டுப் பார். பொருத்தும்போது இடைவெளி விட்டால் கழிக்கும் மதிப்பெண்ணை, அதாவது தண்டத்தை, மாற்றினால் விடை எப்படி மாறுகிறது என்று கைக்கே தெரிய வேண்டும்.

அறிக்கையைத் திருத்தித் தர அனுமதி கேள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அந்தக் கட்டத்தை எனக்கும் சொல்லிக்கொடு. தாளும் பென்சிலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா