டென்டின் மேல் செலவாகும் அந்த ஒரு நிமிடத்துக்கும் மதிப்பெண் கொடுங்கள்

பல் மருத்துவக் கல்லூரிகளில் பல்லை அடைத்துக் காக்கும் கன்சர்வேடிவ் துறையில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஓர் அம்மா டிஷ்யூ பேப்பரில் சுருட்டி பல் நிற ரெசினாலான ஒரு காம்போசிட் அடைப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அடைத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. உடையவில்லை, தேயவில்லை. திருப்பிப் பார்த்தேன். பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினைப் பிடித்திருக்க வேண்டிய பக்கம் வழுவழுவென்று, ஓரத்தில் பழுப்புக் கறையோடு இருந்தது. அடைத்தவன் நான்தான்.

அன்று வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். ஒட்டுவதற்கு முன் பல்லில் தடவும் அமிலத்தைக் கழுவிய கையோடு த்ரீ-வே சிரிஞ்சால் காற்றடித்து, பல்லைச் சாக்பீஸ் மாதிரி வெளுக்க வைத்தேன். எனாமலுக்கு அது சரி. டென்டினுக்கு அதுதான் கேடு.

உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. 1955-இல் பல் ஆராய்ச்சியாளர் புவோனோகோர் அதைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்திக் காட்டியதிலிருந்து எனாமலில் ஒட்டுவதற்கு நல்ல வழி இருக்கிறது. டென்டினில் தாது சுமார் 70 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழையும் தண்ணீரும். அமிலம் மேல்தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் இழைகள் தண்ணீரின் தயவில் நிற்கின்றன. குளத்தில் முங்கும்போது விரிந்து மிதக்கும் கூந்தல், தலையை வெளியே எடுத்ததும் கற்றையாக ஒட்டிக்கொள்ளுமே, அப்படித்தான் காற்றடித்தால் இழைகளும் படிந்துவிடுகின்றன. அப்புறம் ஒட்ட வேண்டிய ரெசின் எங்கே நுழையும்? 1982-இல் ஆராய்ச்சியாளர் நகாபயாஷி காட்டிய, ரெசினும் கொலாஜனும் பின்னிய ஹைப்ரிட் லேயர் அங்கே சரியாக உருவாகாது. ரெசின் போய்ச் சேராத இழைகளை, டென்டினுக்குள்ளேயே இருக்கும், கொலாஜனைச் சிதைக்கும் எம்எம்பி நொதிகள் மெல்ல மெல்ல அரிக்கின்றன. அதனால்தான் அடைத்த அன்று எல்லாம் நன்றாகவே தெரிகிறது.

இப்போது டென்டினில் அமிலத்தைப் பதினைந்து விநாடிக்கு மேல் விடுவதில்லை. கழுவியபின் ஈரப் பஞ்சுருண்டையால் ஒற்றி எடுத்து, லேசான பளபளப்பு மிஞ்சும்படி விடுகிறேன். ஒட்டுத் திரவமான பாண்டை மைக்ரோபிரஷால் இருபது விநாடி தேய்க்கிறேன், தடவிவிட்டு நகர்வதில்லை. பிறகு, திரவம் அலையாமல் நிற்கும்வரை மெதுவாகக் காற்று. பாண்டில் உள்ள கரைப்பான் உள்ளே தங்கிவிட்டால் லைட் காட்டியும் பயனில்லை. ஆழமான குழிகளில் எம்டிபி என்ற ஒட்டும் மூலக்கூறு உள்ள, டென்டினில் தனி அமிலம் தேவைப்படாத செல்ஃப்-எட்ச் பாண்டுக்கு மாறிவிட்டேன். அமிலம் எனாமல் ஓரத்துக்கு மட்டும். கூடுதலாக ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

நான் படித்தபோது குழியின் வடிவத்துக்கு மதிப்பெண் இருந்தது, பாலிஷுக்கு இருந்தது. நடுவில் பஞ்சுருண்டையை எடுத்தேனா, சிரிஞ்சை எடுத்தேனா என்று யாரும் பார்க்கவில்லை. இன்று உங்களிடமிருந்து வரும் பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டால், அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து பாதரசக் கலவை அடைப்பான அமால்கத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. இங்கும் பிள்ளைகள் அடைப்பதெல்லாம் இனி பெரும்பாலும் ஒட்டி நிற்கிற பொருளாகத்தான் இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் ஒட்டும் கட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். அதற்கு முன் ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பிடுங்கிய பற்கள் இரண்டில், கீழ் ஓரம் டென்டினில் முடிகிற மாதிரி குழி எடுத்து, ஒன்றைக் காயவைத்தும் மற்றதை ஒற்றியெடுத்தும் அடைக்கட்டும். ஓரத்தை மட்டும் விட்டு நெயில் பாலிஷ் பூசி, மெத்திலீன் நீலச் சாயத்தில் ஒரு நாள் ஊறவைத்து, டிஸ்கால் குறுக்கே வெட்டிப் பார்க்கட்டும். நீலம் எவ்வளவு தூரம் உள்ளே ஓடியிருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தன் கையால் வெட்டிய பல்லில் பார்க்க வேண்டும்.

பற்கள் போதாவிட்டால் சொல்லுங்கள். என் கிளினிக்கில் எடுத்தவற்றைக் கிருமிநீக்கம் செய்து, நோயாளிகளின் சம்மதத்தோடு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்